பெயர் கூப்பிட்ட திங்கட்கிழமை

எங்கள் முகாமில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு எண் உண்டு. எங்கள் குடும்பத்தின் எண் ஒன்று. அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. இலங்கையிலிருந்து படகில் வந்த எங்களை மண்டபம் முகாமிலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் ஏற்றிவந்த அரசு பஸ்ஸில், என் அப்பாவுக்கு வழியெல்லாம் வாந்தி. பஸ் நின்றதும் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முதலில் இறங்கி ஓடியவர் அவர். கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி, இறங்கிய வரிசையிலேயே எண் கொடுத்துவிட்டார். அப்போது நான் சின்னப் பையன். அப்பா இறந்த பிறகு குடும்ப அட்டை என் பெயருக்கு மாறியது. எண் மட்டும் மாறவில்லை.

கூட்டம் என்றாலே எனக்கு ஆகாது. மளிகைக் கடையில் நாலு பேர் நின்றால் சாமான் வாங்காமலே திரும்பி வந்துவிடுவேன். அப்படிப்பட்டவனுக்கு எண் ஒன்று வாய்த்தது. செக்கிங் நாளில் முகாம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, முதலில் எழுந்து போய் நிற்க வேண்டியவன் நான்.

செக்கிங் என்பது ஆள் கணக்கெடுப்பு. தாலுகா ஆபீசிலிருந்து ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், வருவார். கூடவே சாதாரணச் சட்டையில் ஒரு போலீஸ்காரரும் வருவார். எண் சொன்னதும் குடும்பத் தலைவர் முன்னால் போக வேண்டும். பிறகு வீட்டில் உள்ளவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவர் முகத்தைக் காட்டி “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். ஆள் இல்லை என்றால் பெயரை எடுத்துவிடலாம் என்பது விதி. பெயர் போனால் உதவித்தொகை போகும். அது போனால்கூட நான் இன்னும் இரண்டு சுவருக்கு அதிகமாகப் பெயின்ட் அடித்துச் சமாளிப்பேன். முகாம் அடையாள அட்டையும் போய்விடும். எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். அதைக் காட்டித்தான் கல்லூரியிலும் ஆஸ்பத்திரியிலும் நாங்கள் யார் என்று சொல்கிறோம்.

ஆனால் முகாமில் பாதிப் பேருக்கு வெளியூரில் வேலை. கோயம்புத்தூர், கேரளா என்று பெயின்ட் அடிக்கப் போனவர்கள் ஒவ்வொரு செக்கிங்குக்கும் ஓடிவர முடியாது. அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. அதற்கு ‘ஆள் நிறுத்துவது’ என்று பெயர். ஏறக்குறைய அதே வயதில், அதே உயரத்தில் இருக்கும் ஒருவர், வராதவரின் பெயருக்கு “இருக்கேன்” என்று சொல்லிவிடுவார். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ச் சட்டையையோ துப்பட்டாவையோ மாற்றிக்கொண்டு வந்து, தன் சொந்தப் பெயருக்கும் ஒருமுறை நிற்பார். இதை யாரும் ஏமாற்று வேலை என்று நினைத்ததில்லை. கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவிக் கொடுப்பதுபோல ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி அது. நானும் இரண்டு பேருக்கு நின்றிருக்கிறேன்.

என் மகள் இங்கே பிறந்தவள். இங்கேயே நர்சிங் படித்து முடித்தாள். இங்கே பிறந்தாலும் அப்பா அம்மா அகதி என்றால் பிள்ளையும் அகதிதான். அரசு வேலைக்கு எழுத முடியாது, பாஸ்போர்ட் கிடையாது. அவளோடு படித்த அறந்தாங்கிப் பெண் குவைத்துக்குப் போய்விட்டாள். இவள் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பாதிச் சம்பளத்துக்கு வேலை பார்த்தாள்.

நான் பெயின்ட் அடிக்கும் அறந்தாங்கி வீடுகளில் பல, வெளிநாட்டுப் பணத்தில் எழுந்தவை. நான் சொல்ல வந்த திங்கட்கிழமைக்கு முந்தைய நாள் அப்படி ஒரு வீட்டில் சுவருக்குப் பட்டி பூசித் தேய்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். நல்ல மனிதர். கீழே நின்று என்னோடு பேச்சுக் கொடுத்தார்.

“ஒங்க மக நர்ஸாமுல்ல? சும்மா ஏன் இங்க கெடந்து கஷ்டப்படுது? அனுப்பிவிட வேண்டியதுதான? எனக்குத் தெரிஞ்ச ஏஜென்ட் இருக்காரு.”

“சரிங்க” என்றேன்.

“பாஸ்போர்ட் எடுத்தாச்சா?”

“இல்லிங்க.”

“மொதல்ல அத எடுங்க. என்ன ஆளுங்க நீங்க, புள்ள விசயத்துல இம்புட்டு மெத்தனமா இருந்தா எப்படி?”

நான் சாரக்கட்டில் நின்றபடி சுவரைத் தேய்த்தேன். விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் போன பிறகும் தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மகளும் முகாமில் பிறந்த மற்றப் பிள்ளைகளும் சில மாதங்களாகக் கூடிப் பேசிவந்தார்கள். டியூஷன் கொட்டகைதான் அவர்கள் கூடும் இடம். இங்கே பிறந்து இங்கே படித்த எங்களுக்குக் குடியுரிமை வேண்டும், அதுவரை வேலைக்கும் படிப்புக்கும் தடை இருக்கக் கூடாது என்று ஒரு மனு எழுதினார்கள். ஒவ்வொருவரும் போட்டோ ஒட்டி, பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள். அந்தத் திங்கட்கிழமை போவதென்று முடிவு செய்திருந்தார்கள். கையெழுத்துப் போட்ட எல்லோரும் நேரில் போய் நின்று கொடுக்க வேண்டும், அப்போதுதான் அதற்குக் கனம் என்று அவர்களுக்கு உதவிய வக்கீல் அம்மா சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அறந்தாங்கியிலிருந்து வந்து இறங்கியபோது கொட்டகையில் ஒரே சத்தம். குழாயடியில் கால் கழுவுகிறவன்போல வெளியிலேயே நின்று கேட்டேன். முகாம் தலைவர், எங்களில் ஒருவர்தான், செய்தியோடு வந்திருந்தார். மறுநாளே செக்கிங்.

“இப்பதான் போன் வந்தது, தம்பியள். மனுவ அடுத்த திங்களுக்குத் தள்ளுங்கோ” என்றார்.

எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்த பையன் ஒருவன் உடனே கேட்டான். “போன தடவ மழைன்னு தள்ளுனோம். அதுக்கு முந்தி எலெக்‌ஷன்னு தள்ளுனோம். பென்சன் வாங்கற வயசுலயா போயி மனு குடுக்கறது?”

“ஒனக்கு எவன்டா பென்சன் தர்றது? வேலையே தரமாட்டேங்கறான்” என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

“சரி, அப்பிடியெண்டா ஆள் நிறுத்திப்போட்டுப் போங்கோ. இது என்ன புதுசே?”

அப்போது என் மகளின் குரல் கேட்டது. “வேணாம் பெரியப்பா. அங்க எங்க பேரு, போட்டோ எல்லாம் ஒட்டி மனு குடுக்கப் போறோம். அதே நேரத்துல இங்க அதே பேருக்கு இன்னொருத்தி நின்னா என்னாகும்? ரெண்டுல எது பொய்யின்னு கேப்பாங்க. மனுவே பொய்யின்னு தூக்கிப் போட்டுருவாங்க.”

“ஆள் நிறுத்தாட்டிப் பேரை வெட்டுவாங்கள், பிள்ளை.”

“எங்க போயிருக்கோம்னு கேட்டா உண்மையச் சொல்லுங்க. மனு குடுக்கப் போயிருக்காங்கன்னு சொல்லுங்க. அத்தன பேரையும் ஒரே நாள்ல வெட்டுவாங்களா?”

“வெட்டினா?”

அதற்கு அவள் பதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

வீட்டில் என் மனைவி அடுப்பை மூட்டாமலே உட்கார்ந்திருந்தாள். அவளும் சின்ன வயதில் படகில் வந்தவள்தான். ஆனால் இலங்கைப் பேச்சை விடவில்லை. மகளுக்கு அது எப்போதும் கேலி.

“இஞ்சேருங்கோ, நீங்களாவது சொல்லுங்கோ. பேர் போனா பிறகு ஆர் வந்து எழுதித் தருவினம்?”

“ஓமாம், ஓமாம். ஒருத்தரும் தரமாட்டினமாம்” என்று மகள் அம்மாவைப்போலவே இழுத்துச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கேலி இல்லை.

“அப்பா, மொதப் பேரு நம்ம பேரு. நீங்க என்ன சொல்றீங்களோ அதப் பாத்துத்தான் மத்தவங்க சொல்லுவாங்க. நீங்க ஆள் நிறுத்துனா எல்லாரும் நிறுத்திருவாங்க.”

“சரி” என்றேன். வீட்டுக்காரரிடம் சொன்ன அதே சரிதான். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

காலையில் அரிமளம் பக்கத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் பிள்ளைகள் எல்லோரும் ஏறிப் போய்விட்டார்கள். பஸ் தைலமரக் காட்டைத் தாண்டி மறைகிற வரையில் சில தாய்மார்கள் ரோட்டிலேயே நின்றார்கள். திரும்பி வரும்போது ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆர்.ஐ. வந்தபோது வெயில் ஏறிவிட்டது. இந்த முறை ஒரு அம்மா. புதிதாக மாற்றலாகி வந்தவர். கொட்டகை முன்னால் மேசை போட்டு உட்கார்ந்தார். போலீஸ்காரர் உட்காரவில்லை, பக்கத்தில் நின்றுகொண்டார். நாங்கள் குடும்பம் குடும்பமாகத் தரையில் உட்கார்ந்தோம்.

அப்போதுதான் பார்த்தேன். என் மனைவிக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டு அக்காவின் மகள் உட்கார்ந்திருந்தாள். என் மகள் வயதுதான், இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். டவுனில் ஜவுளிக்கடையில் வேலை. மனுவில் கையெழுத்துப் போடப் பயந்து ஒதுங்கி இருந்தவள். இப்போது என் மகளின் பச்சைத் துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாள்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் உதட்டை மட்டும் அசைத்தாள். “நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். சும்மா நிண்டாப் போதும்.”

பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் துப்பட்டா தெரிந்துவிட்டது. குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. இரண்டாம் எண்காரர் மெல்ல எழுந்து போய்த் தன் தங்கை மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அங்கங்கே ஆட்கள் இடம் மாறி உட்காரத் தொடங்கினார்கள்.

“ஒண்ணாம் நம்பர்.”

நான் எழுந்து போனேன். என் பெயரைக் கூப்பிட்டார், “இருக்கேங்க” என்றேன். மனைவியின் பெயரைக் கூப்பிட்டார், அவளும் சொன்னாள். பிறகு மகளின் பெயர். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் வந்து நின்ற அந்தப் பெண் “இருக்கேங்க மேடம்” என்றுவிட்டாள்.

ஆர்.ஐ. அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேனா ஒரு டிக் போட்டது.

அவ்வளவுதான். நான் திரும்பிப் போய் உட்கார்ந்தால் போதும். மகளின் பெயர் பத்திரமாக இருக்கும். என் கால்களும் திரும்பத் தயாராக இருந்தன. ஆனால் இந்த நேரத்தில் அவள் அங்கே வரிசையில் நின்றுகொண்டிருப்பாள், அவள் கையில் உள்ள தாளில் இதே பெயர் இருக்கிறது என்ற நினைப்பு என்னை நகரவிடவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“போங்க. முடிஞ்சிருச்சு” என்றார் ஆர்.ஐ. அம்மா.

“இது எம் மக இல்லிங்க.”

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. போலீஸ்காரருக்குக் கேட்டுவிட்டது. “என்ன சொன்ன? சத்தமாச் சொல்லு.”

“இந்தப் புள்ள எம் மக இல்லிங்க. எம் மக கலெக்டர் ஆபீசுக்குப் போயிருக்கு. மனு குடுக்க.”

பக்கத்தில் நின்ற பெண் பச்சைத் துப்பட்டாவைத் தலையிலிருந்து இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

“அப்ப இது யாரு?”

“பக்கத்து வீட்டுப் புள்ளைங்க. அது மேல தப்பு இல்ல. எங்களுக்காக வந்துச்சு.”

ஆர்.ஐ. அம்மா பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். “ஆள்மாறாட்டம் பண்ணிட்டு, அத என்கிட்டயே சொல்றீங்க. ஒங்க மக பேரு போயிரும், தெரியுமா?”

“தெரியுங்க.”

“தெரிஞ்சுமா?”

“அது இங்க இல்லிங்க. இருக்குன்னு எழுதாதீங்க” என்று மட்டும் சொன்னேன்.

அவர் டிக் போட்டதை அடித்துவிட்டு ஏதோ எழுதினார். போலீஸ்காரர் தன் நோட்டில் அந்தப் பெண்ணின் பெயரையும் எழுதிக்கொண்டார். அவள் அழுதுகொண்டே தன் அம்மாவிடம் ஓடினாள்.

“ரெண்டாம் நம்பர்.”

இரண்டாம் எண்காரர் எழுந்தார். தங்கை மகனும் கூடவே எழுந்தான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். மகனின் பெயரைக் கூப்பிட்டபோது, “அவனும் அங்கதாங்க” என்றார். மூன்றாம் எண்ணில் இருந்த விதவை, “எங்கட பெடியனும் கலெக்டரிட்டத்தான் போனவன்” என்று முழுவதையும் சொன்னாள். ஆறாம் எண்காரர் மட்டும் ஆள் நிறுத்தினார். ஆர்.ஐ. அம்மா அந்தப் பையனை மேலும் கீழும் பார்த்து, “நீ யாருடா?” என்றதும் அவன் ஓடியே போய்விட்டான். அதற்குப் பிறகு யாரும் அதை முயலவில்லை.

கூப்பிட்டு முடித்தும் அவர்கள் கிளம்பவில்லை. ஆர்.ஐ. அம்மா தாசில்தாரோடு போனில் வெகுநேரம் பேசினார். பிள்ளைகள் வந்த பிறகு பார்த்துவிட்டுத்தான் போவோம் என்று தலைவரிடம் சொன்னார். சாப்பாட்டு நேரம் கடந்து பஸ் வந்தது. இறங்கிய பிள்ளைகள் மேசையையும் போலீஸ்காரரையும் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். மகள் மட்டும் நடந்து வந்தாள். கையில் மனு வாங்கிக்கொண்டதற்கான ரசீது இருந்தது.

ஆர்.ஐ. அம்மா அவளைக் கூர்ந்து பார்த்தார். காலையில் இருந்த கோபம் குரலில் இல்லை. “இங்க பாரும்மா. எனக்கும் பிள்ளைங்க இருக்கு. இப்ப வந்து நின்னுட்டீங்கல்ல, எல்லாரும் இருக்காங்கன்னு போட்டுர்றேன். காலையில இல்லைன்னு எழுதுனத அடிச்சிர்றேன். இதோட விட்ருவோம்.”

என் மனைவி கை கூப்பிவிட்டாள். எனக்கும் மூச்சு வந்தது. மகள் என்னைப் பார்த்தாள். நடந்ததை அதற்குள் யாரோ அவள் காதில் சொல்லியிருந்தார்கள்.

“வேணாம் மேடம். காலையில இல்லைன்னே இருக்கட்டும். எங்க போயிருந்தோம்னும் எழுதுங்க. இந்த ரசீது நம்பரையும் போட்டுருங்க. மத்தியானம் வந்தோம்னும் சேத்து எழுதுங்க.”

“எழுதுனா விசாரணைக்குக் கூப்புடுவாங்க.”

“வர்றோம் மேடம்.”

மனைவி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். ஆர்.ஐ. அம்மா ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு எழுதினார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ரசீது எண்ணைச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவின் மகள் வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. துப்பட்டாவைச் சுருட்டி உள்ளே எறிந்தாள்.

“நல்லாருக்கு மாமா. ஒங்க மக போராளி, நான் திருடியா? நான் வாயத் தொறக்கறதுக்கு முந்தியே சொல்லியிருக்கலாமுல்ல?”

நான் தலை குனிந்து நின்றேன். அவள் சொன்னது சரிதான். மகள் எழுந்து அவள் கையைப் பிடிக்கப் போனாள். அவள் உதறிவிட்டுப் போய்விட்டாள். அக்காவும் அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வழியாகத் தண்ணீருக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

தாலுகா ஆபீசுக்கு வரச் சொன்ன நாளில் என் மகளுக்கும், அந்தப் பெண்ணுக்கும், எனக்கும் முதலில் விசாரணை. ஒரே பஸ்ஸில் போனோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே வந்தாள். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆள்மாறாட்டம் என்று வழக்குப் போட்டால் ஜவுளிக்கடை வேலை போய்விடும் என்று அக்கா பஸ் ஸ்டாப் வரைக்கும் அழுதுகொண்டே வந்திருந்தாள்.

விசாரித்தவர் வயதான அதிகாரி. மகளிடம் கேட்டார், அவள் சொன்னாள், எழுதிக்கொண்டார். என்னிடம் கேட்டார். நான் தட்டுத் தடுமாறிச் சொன்னதையும் எழுதிக்கொண்டார். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

“ஏம்மா, இன்னொருத்தி பேருக்கு நீ எதுக்கு நின்ன? யாரு சொல்லிக் குடுத்தா?”

என் மனைவியின் பெயரைத்தான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொன்னாலும் தப்பில்லை.

“யாரும் சொல்லிக் குடுக்கல சார்” என்றாள். “சின்னப் புள்ளையிலேர்ந்து பாக்குறோம். எங்கப்பா வேலைக்குப் போனா அவருக்கு ஒருத்தர் நிப்பாரு. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கெடந்தா அவங்களுக்கு ஒருத்தர் நிப்பாங்க. வேலைக்கும் போவணும், இங்கயும் இருக்கணும்னா எப்படி சார் முடியும்? நான் ஏன் நின்னேன்னு கேக்குறீங்க. நாங்க ஏன் நிக்க வேண்டியிருக்குன்னு அதையும் எழுதுங்க சார்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். மகள் தன் தோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொன்னதையே திரும்பச் சொல்லு. மெதுவா” என்றார் அவர். அவள் சொன்னாள். அவர் எழுதினார்.

யார் பெயரையும் எடுக்கவில்லை. இன்னொரு முறை நடந்தால் எடுப்போம் என்று எச்சரித்துக் கையெழுத்து வாங்கினார்கள். வழக்கும் போடவில்லை. மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. மேலே அனுப்பியிருக்கிறோம் என்கிறார்கள்.

வெளியே வந்து மூன்று பேரும் பஸ்ஸுக்கு நின்றோம். நான் எதையாவது சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என் மகளிடம், “அந்த மனுல இனிமே பேரு சேக்க முடியுமாடி?” என்று கேட்டாள்.

“அது குடுத்தாச்சு. புதுசா ஒண்ணு எழுதணும்.”

“அப்ப எழுது. போட்டோ எம்புட்டு சைசு வேணும்?”

பஸ் வந்தது. அவர்கள் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் நின்றுகொண்டேன்.